ஸ்பேர் டிஸ்குக்கும் ஒரு கணக்கு வேண்டும்

சர்வரில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டும் முறை) அமைத்து, கூடவே ஒரு ஹாட் ஸ்பேர் டிஸ்கையும், அதாவது பழுதானதன் இடத்தில் தானே உட்காரும் உதிரி டிஸ்கையும், செருகிவிட்டால் அதன் பிறகு கவலைப்பட ஒன்றுமில்லை என்று நம்பும் அலுவலகங்கள் சென்னையில் ஏராளம். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் உள்ள சிறு நிறுவனங்கள், மயிலாப்பூர், தி.நகர் பக்கத்து ஆடிட்டர் அலுவலகங்கள், சாலிகிராமம், வடபழனி வட்டாரத்து எடிட்டிங் ஸ்டூடியோக்கள் என்று பல இடங்களில் ஸ்டோரேஜ் பராமரிப்பு வேலை பார்த்து வருகிறேன். அந்த நம்பிக்கை எந்த இடத்தில் ஓட்டையாகிறது என்பதை அனுபவத்தில் கண்டதால் இதை விரிவாக எழுதுகிறேன். டிஸ்குகளை ஆளும் கன்ட்ரோலரின் திரையில் 'ஆப்டிமல்' என்று பச்சையில் காட்டுவது அரே, அதாவது டிஸ்க் தொகுப்பு, முழுமையாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. அடுத்த டிஸ்க் போனால் அதன் இடத்தில் உட்கார ஒரு ஸ்பேர் மிச்சம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை எந்தப் பச்சை விளக்கும் நமக்காகக் கேட்டுப் பதில் சொல்வதில்லை.

ஸ்பேர் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 4 டிஸ்குகள் கொண்ட ரெய்டு 5 தொகுப்பில் ஒன்று பழுதானால், மீதி மூன்றில் இருக்கும் தரவையும் பாரிட்டி எனப்படும் மீட்புக் கணக்கையும் வைத்து இழந்த பகுதியை அவ்வப்போது கணக்கிட்டுக்கொண்டே சர்வர் ஓடும். அந்த நிலையில் இன்னொரு டிஸ்க் போனால் மொத்தமும் போய்விடும். ஹாட் ஸ்பேர் என்பது அதே பெட்டிக்குள் மின்சாரம் பெற்றுக்கொண்டு வேலையில்லாமல் காத்திருக்கும் டிஸ்க். பழுது ஏற்பட்ட உடனே, மனிதர் யாரும் தொடாமலே, கன்ட்ரோலர் அதை எடுத்து, இழந்த தரவை அதில் மறுபடி எழுதும் ரீபில்டைத் தொடங்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் 1988இல் எழுதிய ரெய்டு ஆய்வுக் கட்டுரையிலேயே இந்தக் காத்திருக்கும் டிஸ்க் வருகிறது. அவர்கள் தந்த நம்பகத்தன்மைக் கணக்கில், பழுதுபார்க்க ஆகும் நேரம் வகுக்கும் இடத்தில் நிற்கிறது. அந்த நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் தொகுப்பின் நம்பகத்தன்மை இரட்டிப்பாகும். ஸ்பேரின் முழுப் பயனும் அந்த ஒரு நேரத்தைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

அந்த நேரம் இன்று எவ்வளவு என்று பார்ப்போம். 4 டிபி டிஸ்க் ஒன்றை நொடிக்குச் சராசரியாக 150 எம்பி வேகத்தில் எழுதினால் 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 18 டிபி டிஸ்கை 200 எம்பி வேகத்தில் எழுதினால் 25 மணி நேரம். சர்வர் வேறு எந்த வேலையும் செய்யாமல் ரீபில்டை மட்டுமே பார்த்தால்தான் இந்தக் கணக்கு. பகல் முழுக்க நாற்பது ஐம்பது பேர் கோப்புகளைத் திறந்து மூடும் அலுவலகத்தில் அது இரண்டு மூன்று மடங்காக நீள்வது சாதாரணம். லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் இதற்கென்றே இரண்டு வரம்புகள் உண்டு. மாற்றாமல் விட்டால், மற்ற வேலைகள் நெருக்கும்போது ரீபில்டின் வேகம் நொடிக்கு 1000 கிலோபைட் வரை இறங்கலாம். சும்மா இருக்கும்போது 2,00,000 கிலோபைட் வரை ஏறலாம். கீழ் வரம்பை அப்படியே விட்டுவைத்தால் பரபரப்பான சர்வரில் ரீபில்ட் நாள் கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். நான் அமைக்கும் சர்வர்களில் கீழ் வரம்பை உயர்த்தி வைப்பது வழக்கம். ரீபில்ட் ஓடும் ஒரு நாள் பயனர்களுக்குக் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து.

ஸ்பேர் இல்லாவிட்டால் இதனோடு ஆள் வரும் நேரமும் டிஸ்க் கிடைக்கும் நேரமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை இரவு போன டிஸ்கைத் திங்கட்கிழமை காலையில்தான் யாராவது கவனிப்பார்கள். அடுத்த வேலை நாளில் பாகம் தருவதாகச் சொல்லும் ஒப்பந்தத்தில் அந்த அடுத்த வேலை நாள் செவ்வாய்க்கிழமை. ஆக, ஸ்பேர் வைப்பது சரியான முடிவு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கவலையெல்லாம் ஸ்பேர் தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது.

நள்ளிரவில் ஒரு டிஸ்க் போகிறது. ஸ்பேர் உள்ளே போகிறது. விடியும்போது ரீபில்ட் பாதியைத் தாண்டியிருக்கும், மாலைக்குள் முடிந்துவிடும். அரேயின் நிலை மறுபடியும் 'ஆப்டிமல்'. கன்ட்ரோலரின் அலாரம் ஒலித்திருந்தாலும் பூட்டிய சர்வர் அறைக்குள் ஏசி சத்தத்துக்கு நடுவே அது யார் காதிலும் விழுந்திருக்காது. செத்த டிஸ்கின் ட்ரேயில் மட்டும் ஆம்பர் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பயனர்கள் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை, ஆகவே யாரும் போன் செய்யவில்லை. நன்றாக வேலை செய்யும் ஸ்பேர் தான் எதற்காக வேலை செய்தது என்ற செய்தியையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. அந்த நொடியிலிருந்து அந்தச் சர்வர் ஸ்பேர் இல்லாத சர்வர்.

வடபழனிப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். 12 ஸ்லாட் பெட்டி, முன்பக்கம் முழுக்கத் தூசி படிந்த ட்ரேக்கள், அவற்றில் ஒன்றில் மங்கலாக எரியும் ஆம்பர் விளக்கு. கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவைத் திறந்து பின்னோக்கிப் போனபோது, டிஸ்க் பழுதான குறிப்பும், ஸ்பேர் ரீபில்ட் தொடங்கிய குறிப்பும், அது முடிந்த குறிப்பும் வரிசையாக இருந்தன. மூன்றுமே பல மாதங்களுக்கு முந்தையவை. நடுவில் ஒரு முழுப் படத்தின் எடிட்டிங் வேலை அந்தப் பெட்டியில் நடந்து முடிந்திருந்தது. பதிவைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை என்பதைத் தவிர அங்கே வேறு எந்தக் குறையும் இல்லை. நல்ல பெட்டி, நல்ல டிஸ்குகள், நல்ல யூபிஎஸ்.

ஒரு டிஸ்க் போனால் அடுத்தது உடனே போகுமா என்ன என்று பலர் கேட்கிறார்கள். 1988 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான அதே கார்த் கிப்சன், பியான்கா ஷ்ரோடருடன் சேர்ந்து 2007இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். தயாரிப்பாளர்கள் சொல்லும் 10 லட்சம் மணி நேரச் சராசரி ஆயுள் கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் டிஸ்குகள் போகக்கூடாது. களத்திலோ ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வரை மாற்றப்படுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் அது 13 சதவீதம் வரை போனது. அதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது, பழுதுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறி வரவில்லை என்ற முடிவு. டிஸ்குகள் போகும்போது நெருக்கமாகப் போகின்றன. ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில் போட்டு, ஒரே சூட்டையும் ஒரே மின்வெட்டையும் பார்த்த டிஸ்குகள் அப்படிப் போவதில் வியப்பும் இல்லை. ஸ்பேர் பயன்பட்டுவிட்டது என்ற செய்தியே இன்னொரு ஸ்பேர் விரைவில் தேவைப்படலாம் என்பதற்கான முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கண்காணிப்பில் அரேயின் நிலையோடு ஸ்பேர்களின் எண்ணிக்கையையும் ஒரு தனி அளவாக வைக்க வேண்டும். லினக்ஸில் மென்பொருள் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் (mdadm) கருவியைப் பயன்படுத்துவோருக்கு இதற்கான வசதி ஏற்கனவே இருக்கிறது, ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. அமைப்புக் கோப்பில் அரேயின் வரியில் ஸ்பேர்கள் ஒன்று என்று எழுதிவைத்தால், அந்த எண்ணிக்கை குறையும்போது 'ஸ்பேர்ஸ் மிஸ்ஸிங்' என்ற எச்சரிக்கை மின்னஞ்சலாக வரும். ஆனால் கண்காணிப்புச் சேவை அந்த அரேயை முதல்முறை பார்க்கும்போது மட்டுமே இந்தச் சோதனை நடக்கிறது. சேவை மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கையில் ஸ்பேர் பயன்பட்டுவிட்டால், டிஸ்க் பழுதான நேரத்தில் ஒரு மின்னஞ்சல் வரும், அத்தோடு சரி. ரீபில்ட் முடிந்து ஸ்பேர் முழு உறுப்பினரானதும் 'ஸ்பேர் ஆக்டிவ்' என்ற நிகழ்வு பதிவாகும், ஆனால் அதற்கு மின்னஞ்சல் கிடையாது. அந்த ஒற்றை மின்னஞ்சலை யாரும் பார்க்காவிட்டால் நிலைமை மறைந்துவிடும். தினமும் ஒருமுறை கண்காணிப்பை, ஒரே தடவை பார்த்து முடிக்கும் 'ஒன்ஷாட்' முறையில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிலிருந்து ஓட்டினால், ஒவ்வொரு நாளும் அது புதிதாகப் பார்ப்பதாகிவிடும். ஸ்பேர் மறுபடி நிரப்பப்படும் வரை தினமும் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். அமைப்புக் கோப்பில் ஸ்பேர் எண்ணிக்கையை எழுத மறந்தால் இது எதுவுமே நடக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

அந்த மின்னஞ்சல் போகும் முகவரியையும் சோதிப்பது அவசியம். வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கும், சர்வரிலேயே யாரும் திறக்காத ரூட் (நிர்வாகி) அஞ்சல் பெட்டிக்கும் எச்சரிக்கைகள் போய்க் குவிந்திருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எம்டிஏடிஎம்மில் சோதனை மின்னஞ்சல் அனுப்பும் வசதி இருக்கிறது. அது உண்மையில் கைப்பேசி வரை வந்து சேர்கிறதா என்று அவ்வப்போது பார்த்துவிட வேண்டும். வன்பொருள் கன்ட்ரோலர்களுக்கும் இதே விதிதான். ஹாட் ஸ்பேர் நிலையில் எத்தனை டிஸ்குகள் இருக்கின்றன என்பதைக் கட்டளை வழியாகத் தினமும் எண்ணி, இருக்க வேண்டியதைவிடக் குறைந்தால் எச்சரிக்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று போதும். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை.

பழுதான டிஸ்கை மாற்றும்போது ஸ்பேர் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமா, போன இடத்திலேயே இருக்கட்டுமா என்பது அடுத்த கேள்வி. மெகாரெய்டு வகைக் கன்ட்ரோலர்களில் காப்பிபேக் என்ற வசதி இருக்கிறது. புது டிஸ்கைப் பழுதான டிஸ்க் இருந்த ஸ்லாட்டில் செருகியதும், ஸ்பேரில் உள்ள தரவு அதற்குப் படியெடுக்கப்பட்டு, ஸ்பேர் மறுபடி ஸ்பேராகிவிடும். ஜெட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பிலும் ஸ்பேர் தற்காலிகமாகத்தான் உட்காருகிறது. புது டிஸ்க் வந்து சேர்ந்ததும் அது விடுபடுகிறது. எம்டிஏடிஎம்மில் அப்படியில்லை: உள்ளே போன ஸ்பேர் உறுப்பினராகவே நிலைத்துவிடும், புதிதாகச் சேர்ப்பதுதான் இனி ஸ்பேர். இரண்டு முறையிலும் தவறில்லை. ஆனால் ட்ரேயின் மேல் ஸ்பேர் என்று ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருக்கும் அலுவலகத்தில், ஸ்பேர் உறுப்பினராக நிலைத்துவிட்ட பிறகும் அந்த ஸ்டிக்கர் பழைய ஸ்லாட்டிலேயே இருந்தால், பின்னால் வரும் ஒருவர் அதை நம்பி உயிருள்ள டிஸ்கை உருவிவிடுவார். ஆகவே நான் ட்ரேயில் டிஸ்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் ஒட்டுகிறேன். எந்த டிஸ்க் என்ன வேலையில் இருக்கிறது என்பது பதிவேட்டில் இருக்கும், அது மாறிக்கொண்டே இருக்கலாம். உருவுவதற்கு முன்பு கட்டளை கொடுத்து அந்த ஸ்லாட்டின் விளக்கை மினுக்கவைத்து, சீரியல் எண்ணையும் ஒப்பிட்டு, ட்ரேயைக் கொஞ்சமாக வெளியே இழுத்து, உள்ளே சுழலும் தட்டுகள் நிற்கும்வரை அரை நிமிடம் பொறுத்து, பிறகுதான் முழுவதுமாக எடுக்க வேண்டும்.

சும்மா இருக்கும் டிஸ்க் நல்ல டிஸ்காகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு, ஆனால் காற்று இருக்கிறதா என்று பார்க்காத ஸ்டெப்னியை நம்பித் திண்டிவனம் தாண்டுவது போன்றது அது. லினக்ஸில் மாதம் ஒருமுறை நடக்கும் அரே சோதனை உறுப்பினர் டிஸ்குகளை மட்டுமே படிக்கிறது, ஸ்பேரைத் தொடுவதில்லை. ஜெட்எஃப்எஸ்ஸின் ஸ்க்ரப் சோதனையும் அப்படித்தான். மெகாரெய்டு வகைக் கன்ட்ரோலர்களின் பேட்ரோல் ரீட் என்ற சோதனை, இயல்பாக 168 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடுவது, ஹாட் ஸ்பேர்களையும் சேர்த்துப் படிக்கிறது. இது அவற்றின் பெரிய நன்மை. மற்ற இடங்களில், டிஸ்க் தன் நலத்தைத் தானே கணிக்கும் ஸ்மார்ட் வசதியின் நீண்ட சோதனையை ஸ்பேர் டிஸ்குக்கென்று தனியாக மாதம் ஒருமுறை திட்டமிட்டு ஓட்ட வேண்டும். ஸ்மார்ட் நிலை 'பாஸ்டு' என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கூகுள் பொறியாளர்கள் 2007இல் தங்கள் டிஸ்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கு மேற்பட்டவை, வெப்பநிலையை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்த ஸ்மார்ட் அளவிலும் முன்கூட்டியே ஒரு பிழையைக்கூடக் காட்டியிருக்கவில்லை. மேற்பரப்பு முழுவதையும் உண்மையாகப் படித்துப் பார்க்கும் சோதனைதான் கொஞ்சமாவது நம்பிக்கை தரும்.

ஸ்பேர் சும்மா இருந்தாலும் அதற்கும் வயதாகிறது என்பதற்கு சுழலும் தட்டுகள் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்குகளின் உலகத்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் தன் சில சாஸ் (சர்வர்களுக்கான இணைப்பு முறை) எஸ்எஸ்டி வகைகளுக்கு அவசர ஃபர்ம்வேர் (டிஸ்குக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தத்தை வெளியிட்டது. திருத்தம் போடாத டிஸ்குகள், மின்சாரம் பெற்ற மொத்த நேரம் 32,768 மணியைத் தொட்டதும், அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரத்தில், மீட்க முடியாதபடி நின்றுவிடும் என்று அறிவித்தது. ஒரே நாளில் இயக்கப்பட்ட தொகுப்பில் எல்லா டிஸ்குகளும் அந்த எண்ணை ஏறக்குறைய ஒன்றாகத் தொடும். ஹாட் ஸ்பேரும் அதே நாளிலிருந்து மின்சாரம் பெற்றுக்கொண்டிருப்பதால் அதுவும் அதே நேரத்தில்தான் தொடும். இந்த வகைப் பழுதுக்கு முன் ஹாட் ஸ்பேர் எந்தப் பாதுகாப்பும் தராது. அலமாரியில் உறையோடு இருக்கும் டிஸ்கும், வேறு பெட்டியில் இருக்கும் பேக்கப்பும்தான் காக்கும். ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது உறுப்பினர் டிஸ்குகளை மட்டும் புதுப்பித்துவிட்டு ஸ்பேரை விட்டுவிடக் கூடாது என்பதும் இதிலிருந்து வருகிறது.

பொருத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பேர் உறுப்பினர்களைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. சாஸ் தொகுப்புக்கு சாட்டா (சாதாரணக் கணினிகளின் இணைப்பு முறை) ஸ்பேரையும், சுழலும் டிஸ்க் தொகுப்புக்கு எஸ்எஸ்டி ஸ்பேரையும் பல கன்ட்ரோலர்கள் ஏற்பதில்லை. 512 பைட் செக்டார் (டிஸ்கில் ஒரே தடவையில் எழுதிப் படிக்கும் துண்டு) டிஸ்குகளோடு 4கே செக்டார் மட்டுமே தெரிந்த டிஸ்கைக் கலப்பதும் அப்படியே. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் எஸ்எம்ஆர் வகை டிஸ்குகளை ஸ்பேராக வைக்கவே வேண்டாம். ரீபில்டின் தொடர்ச்சியான எழுத்துச் சுமையில் அவை மிக மோசமாக மந்தமாகிவிடுகின்றன. ஒரே பெட்டியில் பல அரேக்கள் இருந்தால் குளோபல் ஸ்பேர் எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்கும், ஆனால் முதலில் பழுதாகும் அரேதான் அதை எடுத்துக்கொள்ளும். 8 டிபி ஸ்பேரை யாருக்கும் முக்கியமில்லாத 2 டிபி அரே விழுங்கிவிட்டால், பில்லிங் தரவு இருக்கும் பெரிய அரே வெறுங்கையோடு நிற்கும். முக்கியமான அரேக்குத் தனக்கென்று ஒதுக்கிய ஸ்பேர் இருப்பதையே நான் விரும்புகிறேன்.

ரெய்டு 5 கூட ஒரு ஸ்பேர் என்ற அமைப்பையே நான் புதிய சர்வர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே எண்ணிக்கை டிஸ்குகளை ரெய்டு 6 ஆக அமைத்தால் கிடைக்கும் கொள்ளளவும் அதேதான். ஆனால் அங்கே சும்மா காத்திருக்கும் டிஸ்க் இரண்டாவது பாரிட்டியாக வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு டிஸ்க் போன பிறகும் இன்னொன்று போகலாம் என்ற இடைவெளி இருப்பதோடு, ரீபில்ட் நடக்கையில் மீதி டிஸ்குகளில் ஒரு செக்டார் படிக்க முடியாமல் போனாலும் தரவைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். ரெய்டு 5இல் ஸ்பேர் எவ்வளவு வேகமாக உள்ளே வந்தாலும் அந்த ஒரு செக்டாருக்குப் பதில் கிடையாது. எழுதும் வேகத்தில் ரெய்டு 6 கொஞ்சம் குறைவுதான்; ஃபைல் சர்வருக்கும் பேக்கப் பெட்டிக்கும் அது பொருட்டே இல்லை. ஸ்லாட் மிச்சமிருந்தால் ரெய்டு 6 அமைத்து, அதற்கு மேல் ஒரு ஸ்பேர் வைப்பதுதான் என் முதல் தேர்வு.

ஸ்பேரைச் சாவுக்குப் பிறகு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் இல்லை. ஒரு டிஸ்கில் கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மறுஒதுக்கீடு செய்யப்பட்ட செக்டார்கள் கூடிக்கொண்டே போகின்றன, ஆனால் இன்னும் ஓடுகிறது என்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு அதன் தரவை ஸ்பேருக்குப் படியெடுத்து, முடிந்த பிறகு வெளியேற்றலாம். எம்டிஏடிஎம்மில் இதற்கு 'ரீப்ளேஸ்' என்ற கட்டளை இருக்கிறது. நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. இந்த முறையில் அரே ஒரு நொடிகூடக் குறைந்த நிலைக்குப் போவதில்லை. அப்படியிருக்க, பலர் நோயுற்ற டிஸ்கை முதலில் பழுது என்று அறிவித்து வெளியேற்றிவிட்டு ரீபில்டைத் தொடங்குகிறார்கள். கையில் இருக்கும் பாதுகாப்பை வீணாக உதறுவது அது.

சென்னையில் ஸ்பேரை நிரப்புவது எப்படி என்பதற்கு வருகிறேன், ஏனெனில் நடைமுறையில் தாமதம் எல்லாம் இங்கேதான் ஏற்படுகிறது. புதிய சர்வரின் டிஸ்குகள் தயாரிப்பாளரின் ஒப்பந்தத்தில் வந்துவிடும். ஒப்பந்தம் முடிந்த சர்வரின் 600 ஜிபி 10கே (நிமிடத்துக்கு 10,000 சுற்று) சாஸ் டிஸ்குக்கு அப்படி யாரும் இல்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஏற்கனவே எங்கோ ஓடி முடித்தவைதான் கிடைக்கும். பழைய டிஸ்க் என்று தெரிந்தே வாங்குவதில் தவறில்லை. தெரியாமல் வாங்குவதில்தான் ஆபத்து. ஓடிய மணி நேரத்தை அழித்துப் புதிது போல் விற்பது உலகம் முழுவதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அப்படி விற்கப்பட்ட சீகேட் டிஸ்குகள் பெரிய செய்தியானபோது, ஸ்மார்ட்டில் சுழியம் காட்டிய டிஸ்குகளின் உண்மையான வயதை ஃபார்ம் என்ற உள்பதிவு காட்டிக்கொடுத்தது. கடையிலேயே ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்கி, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்கு வாரன்டி காட்டுகிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும். வேறு நிறுவனத்தின் சர்வருக்கென்று வழங்கப்பட்ட டிஸ்க் என்றால் நேரடி வாரன்டி இருக்காது. அது விலையில் தெரிய வேண்டும்.

பெட்டிக்குள் ஹாட் ஸ்பேர் இருந்தாலும் அலமாரியில் ஒரு கோல்டு ஸ்பேர், அதாவது இணைக்காமல் வைத்திருக்கும் உதிரி டிஸ்க், வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஊரின் நாட்காட்டியும் ஒரு காரணம். போகியில் தொடங்கிக் காணும் பொங்கல் வரை கூரியரும் கடைகளும் அரைகுறையாகத்தான் இயங்கும். ஊருக்குப் போனவர்கள் திரும்ப அடுத்த வாரமாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே பல நாட்கள் மூடிக்கிடந்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் கரையைக் கடந்த பிறகு நகரத்தின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் இல்லாத அலுவலகங்களில் சர்வர் முழுவதுமாக அணைந்து, பிறகு எழும்போதுதான், ஆண்டுக்கணக்கில் நிற்காமல் சுழன்ற பழைய டிஸ்குகள் எழ மறுக்கின்றன. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் 2 மணி வரை மின்சாரம் நிற்கும் நாளும் அப்படிப்பட்ட ஒரு நாள்தான். அறிவிப்பு வந்ததும் பேக்கப்பையும் ஸ்பேரையும் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்குச் சர்வரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் அலுவலகங்களுக்கும் இதையே சொல்கிறேன்: துடைப்பதற்கென்று அணைக்க வேண்டாம், அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்பேர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அணையுங்கள்.

கோல்டு ஸ்பேரைத் தரைத்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கக் கூடாது என்பதை வெள்ளத்தைப் பார்த்த வேளச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலைமின் காப்புறையைப் பிரிக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ட்ரேயில் முன்கூட்டியே திருகிவைத்து, உறையின் மேல் வாங்கிய தேதி, வாரன்டி முடியும் தேதி, எந்தச் சர்வருக்கு உரியது என்ற மூன்றையும் எழுதிவைத்தால், நள்ளிரவில் காவலாளிக்குப் போனில் வழிகாட்டிக்கூட மாற்றிவிட முடியும். ட்ரே இல்லாமல் டிஸ்க் மட்டும் இருந்தால் அந்த நேரத்தில் திருப்புளியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

பழுதான டிஸ்கை வாரன்டிக்கு அனுப்பினால் திரும்பி வருவது பெரும்பாலும் தொழிற்சாலையில் சரிசெய்து மறுசான்று பெற்ற டிஸ்காகவே இருக்கும். ரகசியத் தரவு இருந்த டிஸ்கை வெளியே அனுப்பாமலே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தமும் உண்டு. மருத்துவமனைகளும் ஆடிட்டர்களும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மறுசான்று டிஸ்க் வந்ததும் நேராக ஸ்பேர் ஸ்லாட்டில் செருகிவிடக் கூடாது. வேறொரு கணினியில் முழுவதும் எழுதி, முழுவதும் படித்து, நீண்ட சோதனையும் முடித்து, மறுஒதுக்கீட்டுச் செக்டார் எண்ணிக்கை சோதனைக்கு முன்னும் பின்னும் மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகு உள்ளே போகட்டும். அதன் சீரியல் எண்ணைப் பதிவேட்டில் பழையதற்கு நேராக எழுதி, கண்காணிப்பை ஒருமுறை கையால் ஓட்டி, ஸ்பேர் இல்லை என்று தினமும் வந்துகொண்டிருந்த மின்னஞ்சல் அன்று வரவில்லை என்பதைப் பார்த்த பிறகே அந்த டிக்கெட்டை மூடுகிறேன்.